நாற்பத்தொரு கிரெடிட்

உறையை எச்சில் தொட்டு ஒட்டக்கூடாது என்றார் பெள்ளி சார்.
பசை தடவி, மடிப்பின் மேல் கல்லூரி முத்திரை,
முத்திரையின் மேல் முதல்வர் கையெழுத்து,
அதன் மேல் செலோ டேப்.
"நீ பிரிச்சாலும் செல்லாது, நனைஞ்சாலும் செல்லாது."
ஊட்டியில் ஜூலை மாதம்.
இரண்டு வருஷத்தை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு
சேரிங் கிராஸ் வரை ஓடினேன்.

அதற்கும் முன்னால் பாடத்திட்டம் கேட்டிருந்தார்கள்.
தாளுக்கு ஒரு பத்தி விளக்கம், ஆங்கிலத்தில்.
எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம், நடத்தியவர் யார்.
பெரணித் தாளை நடத்தியவர் யார்?
சுகிர்தா மேடம் பிரசவ விடுப்பில் போனபிறகு
யாருமில்லை.
நானும் ரோஸ்லினும்தான்
வனத்துறை கண்ணில் படாமல் லாங்வுட் சோலைக்குள் புகுந்து
உப்புப் பொட்டலத்தோடு அட்டைகளைத் தாண்டி
ஓலை ஓலையாகப் பறித்து வந்தோம்.
பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே அம்மிக்கல்.
பெயர் எழுதி, அடித்து, திரும்ப எழுதி.
மணி நேரம் என்ற கட்டத்தில்
நாற்பத்தைந்து என்று போட்டேன்.

பதில் வந்த இரவு
லயத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியடியில் நின்றிருந்தேன்.
சிக்னல் அங்கே மட்டும்தான்.
காட்டெருமை இறங்கும் நேரமென்று
அப்பா டார்ச்சோடு வந்தார்,
ஃபாக்டரி சட்டையில் வாட்டிய தேயிலை வாசனை.
முதல் வரியை வாசித்தேன்:
அன்புள்ள மருதவீரன்.
"எனக்கா எழுதிருக்காங்க?"
படிவத்தில் பெயர் முன்பின்னாகப் போயிருந்தது.
கோகிலவாணி கடைசியில் எங்கோ நின்றாள்.
உங்களுக்குத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

அனுப்பியது எண்பத்திரண்டு.
ஏற்றது நாற்பத்தொன்று.
செல்லியல் சரி. வேதியியல் பாதி,
ஆய்வகம் அவர்களிடம் மறுபடி செய்ய வேண்டும்.
பெரணிக்கு இணையான பாடம் அங்கே இல்லை.
ஆங்கிலம் நான்கு தாளும் தள்ளுபடி.
தமிழ் நான்கும் முழுசாக ஏற்பு:
அயல்மொழி, நிபந்தனை நிறைவேறியது.

"எதும்மா அயல்மொழி?"
"இப்ப நாம பேசறது."
டார்ச்சை அணைத்தார். பேட்டரி மிச்சம்.

கொஞ்சம் கழித்து, கேட்காமலே சொன்னார்:
"அங்க ரெண்டாங்கிளாஸ் பாதி முடிச்சிருந்தேன்.
மண்டபம் முகாம்ல குடுத்த தாள்ல அது இல்ல.
கோத்தகிரில ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சாங்க.
எல்லாக் கேள்விக்கும் முன்னாடியே பதில் தெரியும்.
அந்த ஒரு வருஷந்தான் நான் ஃபர்ஸ்ட் ரேங்க்."
எதற்குச் சொன்னார் என்று அவருக்கும் தெரியவில்லை போல.
உடனே கேட்டார்:
"அப்ப உன்னை எந்த வருஷத்துல உக்கார வப்பாங்க?"
முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில்.
"அப்ப ஃபீஸு?"
மூன்று வருஷத்துக்கு மேலே.
உதவித்தொகை இரண்டுக்குத்தான்.
இருட்டில் அவர் விரல்கள் மடிவது
தெரியவில்லை,
சொடக்குச் சத்தம் கேட்டது.

மேல்முறையீடு செய்யலாமாம்.
மாணவர் செய்த வேலைக்குச் சான்று அனுப்பினால்
பெரணிக்கு மூன்று தரக்கூடும்.
ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் வீட்டுத் தரையில்
முப்பத்தெட்டு தாள்களையும் பரப்பினோம்.
அவள் பிடித்துக்கொள்ள, நான் படம் எடுத்தேன்.
பாதிக்கு மேல் அவள் கையெழுத்து.
"என் எழுத்துக்கும் சேத்தா கிரெடிட் தராங்க?"
என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல்
அடுத்த தாளை எடுத்துவைத்தாள்.
அவளுக்குத் திங்கட்கிழமை உள்தேர்வு.

பதினேழாம் தாளில் பெயர் தப்பு.
இரண்டு பேரும் பார்த்தோம்.
சோலையில் அதைப் பறித்தபோது
எது என்று சண்டை போட்டது ஞாபகம் வந்தது,
அப்போதும் அவள் சொன்னதுதான் சரி.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஜன்னலில் பனிமூட்டம்.
திருத்தாமலே எடுத்தேன்.